கூலி யாருடைய பங்கில் வருகிறது?

போடிநாயக்கனூரில் விடியுமுன்னே ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளம், ஏலத்தோட்டங்கள். நாளெல்லாம் தூர் தூராய்க் குனிந்து காயெடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். என் அம்மாச்சி அப்படி மலைக்குப் போனவர். சாகும்வரை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொதலாளியும் வேதக்காரரு, நாமளும் வேதக்காரங்க. மாதா ஒண்ணுதான். கூலி மட்டும் அவரு சொல்றதுதான்டா."

கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனை குறித்து நான் படித்தவற்றில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. எனவே இந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டே அப்போதனையின் வரலாற்றைத் திருப்பி வாசிக்கலாம் என்று தோன்றியது.

வழக்கமாக 1891 மே 15இலிருந்துதான் தொடங்குவார்கள். பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் ஐரோப்பிய ஆலைத் தொழிலாளியின் நிலையைப் பேசியது. சோசலிசத்தை மறுத்தது, தனிச்சொத்தைக் காப்பாற்றியது. அதே மூச்சில், தொழிலாளி ஒத்துக்கொண்டான் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்றும், அவன் கௌரவமாகப் பிழைக்க அது போதவேண்டும் என்றும், சங்கம் சேர்வது இயற்கை உரிமை என்றும் சொன்னது. மார்க்சியத்துக்குப் போட்டியாக எழுதப்பட்ட பிரதி என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 'ஒப்பந்தம் சுதந்திரமானது' என்ற தாராளவாதப் பொய்யை அது தொட்டுக் காட்டியது. அம்மாச்சி 'அவரு சொல்றதுதான்' என்றாரே, அந்தப் பொய்தான் இது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மடலின் தொழிலாளி ஓர் ஆண், குடும்பத் தலைவன். பெண் இயல்பிலேயே வீட்டு வேலைக்கு உரியவள் என்று மடல் வெளிப்படையாகவே சொல்கிறது. அவனுக்குச் சாதியும் கிடையாது. போடி ஜீப்பில் ஏறுகிறவரோ பெண். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். போதனையின் மையச்சொல்லான 'தொழிலாளி'க்குள் இவர் ஆரம்பத்திலிருந்தே இல்லை.

இந்த மௌனம் ரோமில் மட்டும் உருவானதல்ல. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி, சாதி அடையாளங்களைச் சமயத்துக்குப் புறம்பான சமூக வழக்கம் என்று வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி தந்தார். சாதி 'சமூகம்' என்ற கணக்கில் எழுதப்பட்டது இப்படித்தான். சமூகத்தைப் பற்றியே பேசவந்த போதனை பின்னால் அந்தக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் விசித்திரம். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்துநின்ற சுவரைக் கௌசானல் அடிகள் இடித்தது 1910இல். அதாவது நியாயக் கூலி பற்றிய மடல் வந்து 19 ஆண்டுகள் கழித்தும் இங்கே சுவர் நின்றுகொண்டிருந்தது. சுவர் போனாலும் சாதி போகவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சமஉரிமை கேட்டபோது மூண்ட மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் சாவதில் முடிந்தது.

போதனை மாறவே இல்லையா என்றால், மாறியது. 1961இன் 'மாத்தர் எத் மஜிஸ்த்ரா', இளம் தொழிலாளர் இயக்கத்தில் கார்தைன் பழக்கிய 'பார், தீர்மானி, செயல்படு' என்ற முறையை ஏற்றது. 1968இல் மெதெயினில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் வறுமையை அநீதியின் விளைவாகக் கண்டார்கள். 1974–75இல் சேசு சபையின் 32ஆம் பொதுப்பேரவை, விசுவாசத்தின் பணியை நீதிக்கான பணியோடு பிணைத்தது. அதன் அலை மதுரைக்கும் வந்தது. மடத்து வாழ்வின் சாதியைத் தோலுரித்த பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரையில் ஒரு கத்தோலிக்க ஆய்வு மையத்தின் வெளியீடாகவே வந்தது. தன்மேல் வைக்கப்பட்ட குற்றப்பத்திரிகையைத் தானே அச்சடிக்கும் தைரியம் அந்நிறுவனத்தின் ஓரத்தில் எங்கோ இருந்திருக்கிறது. ஆனால் எழுதியவர் மடத்தைவிட்டு வெளியேறிய பெண் என்பதையும் மறக்கக்கூடாது.

மறுபடி மலைக்கு வருவோம். ஏலத்தோட்ட முதலாளிகள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். போடி, கம்பம் பக்கத்துத் தமிழ் முதலாளிகளும் உண்டு. முதலாளி கத்தோலிக்கராக இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அவர் சீரோ மலபார் வழிபாட்டு முறையினர். 2003இல் உருவான இடுக்கி மறைமாவட்டம் அவர்களுடையது. போடியிலிருந்து ஏறும் கத்தோலிக்கக் கூலிப்பெண் லத்தீன் முறையினர், மதுரை உயர்மறைமாவட்டம். ஆக வீடு ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலம். ஓட்டு இங்கே, கூலி அங்கே. பூசையும் வேறு, ஆயரும் வேறு. மறைமாவட்ட எல்லையும் வர்க்க எல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுகின்றன. அம்மாச்சியின் கூலி யாருடைய பங்கில் வருகிறது?

திருச்சபை மலையில் பேசாமலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த காட்கில் அறிக்கையையும் (2011) கஸ்தூரிரங்கன் அறிக்கையையும் (2013) எதிர்த்த ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதிக்கு இடுக்கி மறைமாவட்டம் துணைநின்றது. 2014இல் சமிதியின் ஜாய்ஸ் ஜார்ஜ் இடது முன்னணி ஆதரவோடு நாடாளுமன்றத்துக்கே போனார். குடியேறிய சிறுவிவசாயியின் பயத்தில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டே, 2015இல், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்துக் கேட்கச்சொல்லி 'லௌதாத்தோ சி' வந்தது. நிலத்துக்காக அப்படித் திரண்ட குரல், அந்த நிலத்தில் குனிந்து நிற்பவளின் கூலிக்காக அதே பலத்தோடு எழுந்ததா என்பதே என் கேள்வி.

அதே 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்கள், எந்தத் தொழிற்சங்கத் தலைமையும் வேண்டாமென்று 'பெம்பிளை ஒருமை'யாய் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு போனஸைப் பெற்றார்கள். 232 ரூபாய்க் கூலி அவர்கள் கேட்ட 500 ஆகவில்லை, 301 ஆயிற்று. 1891 மடல் ஒப்புக்கொண்ட சங்கம் சேரும் உரிமையை, அந்த மடலைப் படிக்காதவர்களே முழுசாகச் செய்து காட்டினார்கள். தேயிலைப் பெண்களுக்கு ஒரே கம்பெனி, ஒரே லயம் இருந்தது. தினமும் வேறு ஜீப், வேறு தோட்டம் என்று போகிற போடிப் பெண்களுக்கு உட்காரக்கூட ஒரு பொது ரோடு இல்லை.

2025 மேயில் பொறுப்பேற்ற போப், பதின்மூன்றாம் லியோவையும் அந்த மடலையும் நினைவுகூர்ந்தே லியோ என்ற பெயரைத் தேர்ந்ததாகச் சொன்னார். நல்லது. போதனையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை நான். அதில் கூலி உண்டு, சங்கம் உண்டு, நீதி உண்டு. ஆனால் அது வளர்ந்த இடமெல்லாம் கீழேயிருந்து யாரோ நெட்டித் தள்ளிய இடம்தான். போடிக்கும் இடுக்கிக்கும் இடையே இருக்கிற இரண்டு ஆயர் இல்லங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஏலத்தோட்டக் கூலியைப் பற்றிப் பேசும் நாளில் அந்த மடல் போடிமெட்டு ஏறியதாக ஒத்துக்கொள்ளலாம். அதுவரை மாதா ஒண்ணுதான். கூலி மட்டும் அவரு சொல்றதுதான்.