மொறீசியசும் தீபைப் படையும்

உரோமப் படையிலிருந்து உயிர்நீத்த கிறித்தவ வேதசாட்சிகளுள் மொறீசியசின் பெயர் ஐரோப்பாவிற் பெரிதும் போற்றப்பட்டது. எகிப்தின் தீபை நாட்டு வீரர் 6,600 பேர் கிறித்தவரைத் துன்புறுத்துமாறு மாக்சிமியன் இட்ட ஆணையை மறுத்தனர் எனவும், பதின்மருக்கொருவராக இருமுறை வெட்டுண்ட பின்னரும் இணங்காது, கையிற் படைக்கலம் இருந்தும் எதிர்த்து நில்லாமல் மடிந்தனர் எனவும் லியோன் நகர மேற்றிராணியார் எயுக்கேரியசு எழுதினார். மொறீசியசே அவர்தம் தலைவர்.

அவர் எழுதியது ஐந்தாம் நூற்றாண்டில். நிகழ்ச்சியோ மூன்றாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. அக்காலத்தை ஒட்டி வாழ்ந்த இயூசிபியசும் இலக்டாந்தியசும் இதனைக் கூறிற்றிலர். ஆதலின், ஒரு படை முழுவதும் மடிந்ததென்பதை ஆராய்ச்சியாளர் பலர் ஏலார். சிலர் மடிந்திருத்தல் கூடும்.

வழிபாட்டின் பழைமையில் ஐயமில்லை. அவர்கள் மடிந்த இடமெனப்பட்ட ஆகானத்தில், இன்றைய சுவிற்சர்லாந்தில், பர்கண்டிய இளவரசன் சிகிசுமண்டு 515 இல் மடம் நிறுவினான். துறவியர் குழுக்குழுவாக மாறிமாறி, இரவும் பகலும் இடையறாது அங்கே திருப்பாடல் ஓதினர்.

பின்னர் மொறீசியசு ஜேர்மானிய மன்னர்க்கு உரியவரானார். முதலாம் ஒட்டோ 937 இல் மக்டெபூர்க்கில் அவர் பெயரால் மடம் அமைத்தான். ஒட்டோவின் தந்தை பர்கண்டி மன்னனிடம் பெற்ற ஈட்டியும், சக்கரவர்த்திகளின் முடிசூட்டு வாளும் காலப்போக்கில் அவருடையன எனப்பட்டன. வாளை ஓங்காது மடிந்தவர் வாளுக்கு உரியவரானமை விந்தையே!

ஐரோப்பியர் முன்னர் அவரை வெண்ணிறத்தவராகவே தீட்டினர். 1240 அளவில் மக்டெபூர்க்குப் பேராலயத்தில் எழுந்த சிலையோ, இரும்புவலைக் கவசம் பூண்ட கரிய ஆபிரிக்கராக அவரைக் காட்டுகின்றது. எகிப்தியப் படையென எயுக்கேரியசு எழுதிய செய்தி, ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு கழிந்தே சிற்பியின் உளிக்கு எட்டியது போலும்.