தினவும் துடிப்பும்

தினவு என்ற சொல்லைக் கேட்டால் தமிழ் படித்தவர்களுக்குப் போர்க்களம் நினைவுக்கு வரும். தோள் தினவெடுத்த மறவர்களை வகுப்பில் நடத்தி நடத்தி, அச்சொல்லின் முதற்பொருள் உடம்பு அரிப்பது என்பதையே நாம் மறந்துபோகிறோம். அரிப்பு, நமைச்சல், ஊறல், சொறி, கரப்பான், வேர்க்குரு, படை எனத் தோலின் துன்பத்துக்கு நம் மொழியில் சொற்பஞ்சம் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நீளும் இந்த உப்புக்காற்றுக் கரையில், பங்குனி தொடங்கி ஆவணி வரை வியர்வையோடு வாழ்கிறவர்களுக்கு அத்தனை சொற்களும் தேவைப்படவே செய்கின்றன.

அவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்த சொல் காணாக்கடி. திடீரென்று உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழுந்து, ஊறி, சில மணி நேரத்தில் சுவடின்றி மறையும் நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. கடித்தது எது என்று கண்டவர் இல்லை. ஆனால் கடி மட்டும் இருக்கிறது. ஐரோப்பியர் இதே நோய்க்கு, நம் காஞ்சொறியைப் போலத் தொட்டால் அரிக்கும் செடி ஒன்றின் இலத்தீன் பெயரை வைத்துக்கொண்டார்கள். நம்மவர் வைத்த பெயரே மேல் என்பது நம் கட்சி. கடித்ததைக் காணவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது.

காணாத அந்தப் பொருளைக் கண்டவர்கள் இங்கிலாந்தில் பணியாற்றிய ஜார்ஜ் பார்ஜரும் ஹென்றி டேலும். கம்புப் பயிரில் தேன் ஒழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சையை நம் உழவர்கள் அறிவார்கள். அதன் உறவுப் பூஞ்சை ஒன்று ஐரோப்பாவின் ரை தானியத்தில் பிடிப்பதுண்டு. அதிலிருந்துதான் 1910இல் அவ்விருவரும் ஹிஸ்டமினைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அது மனித உடலிலேயே, தோலின் அடியில் உள்ள சில உயிரணுக்களில் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. மூட்டை அவிழ்ந்தால் நுண்குழாய்கள் கசியும், தோல் தடிக்கும், அரிக்கும். ஆக, காணாக்கடியில் கடிப்பது வெளியிலிருந்து வந்த பூச்சியே அன்று, நம் உடம்புதான்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் அவருடைய மாணவி ஆன்-மரி ஸ்டோபும் 1937இல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதற்பொருளைக் கண்டறிந்தனர். மனிதர்க்குக் கொடுக்கத்தக்க மருந்து 1942இல் பிரான்சில் வந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜார்ஜ் ரீவெஷல் உருவாக்கிய டைஃபென்ஹைட்ரமின், பெனட்ரில் என்ற பெயரில் 1946இல் விற்பனைக்கு வந்தது. போவேக்கு 1957இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த வழித்தோன்றல்களே நம் ஊர் மருந்துக்கடைகளில் அவில் என்றும் சி.பி.எம். என்றும் வழங்குபவை. கையளவுள்ள மஞ்சள் மாத்திரைப் பொட்டலம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தை நாம் கண்டதில்லை.

இவற்றின் குறை உலகறிந்தது: தூக்கம். ஹிஸ்டமின் மூளையில் விழிப்பைக் காக்கும் வேலையையும் செய்கிறது. மாத்திரை மூளைக்குள் புகுந்து அதையும் அணைத்துவிடுகிறது. அவில் போட்டுக்கொண்டு பிற்பகல் வகுப்புக்கு வரும் மாணவனை நாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். (அவில் போடாமலே அப்படி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு, அது நம் பாடம் நடத்தும் திறத்தைப் பொறுத்தது.)

தூங்க வைக்காத அரிப்பு மாத்திரை என்பது ஆகையால் மருந்துத் தொழிலின் பெருங்கனவாக இருந்தது. அதே சின்சினாட்டியில், வேறொரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், 1970களில் டெர்ஃபெனடின் பிறந்தது. மூளைக்குள் புகாத மருந்து, தூக்கம் இல்லை. 1985இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. அஸ்டெமிசோல் என்ற மற்றொன்றும் 1988இல் அங்கே ஒப்புதல் பெற்றது. இரண்டும் உலகெங்கும் பரவின. மூளையைக் காப்பாற்றிய இவ்விரு மருந்துகளும் இதயத்தைத் தொட்டுவிட்டன என்பதை அறியச் சில ஆண்டுகள் ஆயின.

இதயம் ஒவ்வொரு முறை துடித்தபின்னும் அதன் உயிரணுக்கள் மின்னேற்றத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பொட்டாசியம் வெளியேற வேண்டும். ஈ.சி.ஜி. தாளில் கியூ-டி இடைவெளி என்று மருத்துவர் அளப்பது, கீழறைகள் துடிக்கத் தொடங்கி இப்படி ஓய்வுக்குத் திரும்பும் வரையுள்ள காலத்தையே. வெளியேறும் வாசல் அடைபட்டால் அந்த இடைவெளி நீளும். நீண்ட இடைவெளியில் வேளை தவறிய துடிப்பொன்று வந்து விழுந்தால் இதயம் தாளம் கெட்டு வேகவேகமாக அடிக்கத் தொடங்கும். அப்போது ஈ.சி.ஜி. கோடு, முறுக்கிய சரிகை நூல்போல ஓர் அச்சைச் சுற்றிச் சுழன்று காணப்படும். பாரிஸ் மருத்துவர் ஃபிரான்சுவா தெசெர்த்தென், எண்பது வயது மூதாட்டி ஒருவரிடம் இதைக் கண்டு 1966இல் 'தோர்சாத் தெ புவாந்த்' என்று பெயரிட்டார். முனைகளின் முறுக்கம் என்பது அதன் பொருள். சில நொடிகளில் தானே அடங்கினால் நோயாளி மயங்கி விழுந்து எழுவார். அடங்காவிட்டால் எழமாட்டார்.

அந்த வாசலை ஆக்கும் மரபணுவின் கதை சுவையானது. ஈதர் ஆவி பட்டதும் கால்களை உதறி ஆடும் பழ ஈக்களை 1960களின் இறுதியில் கண்ட ஆய்வாளர்கள், அக்காலக் கலிஃபோர்னிய நடன விடுதி ஒன்றின் ஆட்டத்தை நினைத்து, அவ்வீக்களின் மரபணுவுக்கு 'ஈதர்-அ-கோ-கோ' என்று பெயரிட்டனர். மனிதரில் அதன் உறவான 'ஹெர்க்' 1994இல் கண்டறியப்பட்டது. பிறவியிலேயே கியூ-டி நீண்ட குடும்பங்கள் சிலவற்றில் இதுவே பழுதுபட்டிருப்பது 1995இல் தெரிந்தது. ஆட்டத்தின் பெயரால் இதயத்தின் வாசல் ஒன்று வழங்குவது தில்லையில் குடியிருப்பவர்களுக்கு வியப்பாக இராது.

டெர்ஃபெனடின் அடைத்தது இந்த வாசலைத்தான். எல்லோருக்கும் அப்படி நேரவில்லை என்பதே நெடுநாள் உண்மையை மறைத்தது. விழுங்கிய டெர்ஃபெனடின் முழுவதையும் குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதி ஒன்று ஏறக்குறைய முதல் சுற்றிலேயே மாற்றிவிடும். மாறிப் பிறந்த பொருளே தோலுக்குச் சென்று அரிப்பை அடக்கியது. அதனால் இதயத்துக்குக் கேடில்லை. ஆனால் அந்த நொதியைத் தடுக்கும் வேறொரு மருந்தையும் சேர்த்து உண்டால், மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கும். 39 வயதுப் பெண் ஒருவர் டெர்ஃபெனடினோடு பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோலையும் உண்டு, மயக்கங்களோடு மருத்துவமனை சேர்ந்து, அவருடைய ஈ.சி.ஜி.யில் அந்த முறுக்கு கண்டறியப்பட்டது 1990இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அதே வேலையைச் செய்யும் என்பது பின்னர் தெரிந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் வாசகர் சற்று நிற்க வேண்டும். படர்தாமரை வந்தவருக்கு நம் பக்கத்தில் என்ன எழுதித் தருவார்கள்? பூஞ்சைக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று. ஒரே சீட்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக. அமெரிக்காவில் அபூர்வமாக நேர்ந்த சேர்க்கை, ஈரம் காயாத உடையோடு வேலை செய்யும் நம் கரையோர மக்களுக்கு அன்றாடச் சேர்க்கை.

கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் சாறும் அந்த நொதியைத் தடுக்கும் என்பது ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவில் தற்செயலாகத் தெரியவந்தது. நம் பம்பளிமாஸின் வழிவந்த கலப்பினம் அது. பம்பளிமாஸிலும் அதே வகை வேதிப்பொருள்கள் உண்டு. பழத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கும் பெரியவர்களுக்கு நாம் சொல்லும் எடுத்துக்காட்டு இதுவே.

அமெரிக்காவில் 1992இல் டெர்ஃபெனடின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கை ஏறியது. மருந்தோ கடைகளில் தொடர்ந்தது. உடலில் மாறிப் பிறந்த அந்தப் பிள்ளைப் பொருளையே தனி மருந்தாக்கி, ஃபெக்ஸோஃபெனடின் என்ற பெயரில் 1996 சூலையில் ஒப்புதல் பெற்றார்கள். அதற்குப் பின்பே, 1997 சனவரியில், தாய் மருந்தை விலக்கும் எண்ணத்தை அரசு அறிவித்தது. 1998 தொடக்கத்தில் அது கடைகளை விட்டகன்றது. பிள்ளை வந்து பெட்டியில் அமர்ந்தபின்தான் தாய் எழுந்தாள். அஸ்டெமிசோல் 1999இல் விலகியது. இந்திய அரசு இவ்விரண்டையும் தடைசெய்தது 2003இல். அமெரிக்கக் கடைகளில் மறைந்து நான்கைந்து ஆண்டுகள் ஆனபின்னும் நம் நாட்டில் இவற்றுக்குச் சட்டத்தின் தடை இல்லை என்பதை நாம் மென்று விழுங்க வேண்டியிருக்கிறது. அதே வாசலை அடைத்த சிசப்ரைடு என்னும் வயிற்று மருந்து அமெரிக்கக் கடைகளை விட்டு 2000இல் அகன்றது. இங்கே தடை வந்தது 2011இல்.

2005 முதல், புதிய மருந்து எதுவாயினும் அது கியூ-டியை நீட்டுகிறதா என்று சோதிக்கும் பொதுநெறி வளர்ந்த நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. பழைய மருந்துகளும் மறு ஆய்வுக்கு வந்தன. நம் தோல் மருத்துவர்கள் விரும்பி எழுதும் ஹைட்ராக்ஸிசினுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2015இல் வரம்பிட்டது: பெரியவர்க்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது; முதியோர்க்குத் தவிர்ப்பதே நல்லது, கொடுத்தால் 50. அந்த ஹைட்ராக்ஸிசின் உடலில் மாறிப் பிறப்பதே செட்டிரிசின். வழக்கமான அளவில் செட்டிரிசினும் ஃபெக்ஸோஃபெனடினும் இதயத்தின் இந்த வாசலைப் பெரிதாகத் தொடுவதில்லை. பழச்சாறு இங்கும் குறும்பு செய்கிறது. தாய் மருந்தை நஞ்சாக்கிய அதே சாறு, பிள்ளை மருந்தைக் குடல் உறிஞ்சவிடாமல் வீணாக்குகிறது.

இதயத் தாளத்துக்கென்றே மருந்து உண்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அம்மருந்துகளில் மூத்ததான குயினிடின், நீலகிரியில் 1860களில் ஆங்கிலேயர் பயிரிட்ட சின்கோனா மரப்பட்டையின் சரக்கு. மலேரியாவுக்குக் குயினைன் உண்டால் தம் தாறுமாறான துடிப்பு அடங்குவதை 1912இல் டச்சு வணிகர் ஒருவர் மருத்துவர் வென்கெபாக்கிடம் சொன்னதிலிருந்து அக்கதை தொடங்குகிறது. குயினிடின் உண்டோர் சிலர் திடீரென மயங்கி விழுந்தனர். தாளத்தைச் சீர்செய்யும் மருந்தே தாளத்தைக் கெடுக்கவும் கூடும் என்று மருத்துவ உலகம் கற்றது அங்கேதான். இன்று கொடுக்கப்படும் அமியோடரோன், சோட்டலால் ஆகியவையும் கியூ-டியை நீட்டுபவையே. ஏற்கெனவே பாதி சாத்திய கதவை, அரிப்பு மாத்திரை ஒன்று போய் மேலும் தள்ளலாம். நீர் பிரிய மாத்திரை உண்டு பொட்டாசியம் குறைந்தவர்க்கு ஆபத்து கூடும், பெண்களுக்கும் கூடுதல். சளி மாத்திரை என்று கேட்டு வாங்குவதில் அரிப்புக்கான மருந்தோடு மூக்கடைப்பை நீக்கும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்திருக்கும்; படபடப்புள்ளவர்க்கு அது வேண்டாத விருந்தாளி.

எம் வீட்டிலும் தாளம் தவறும் இதயத்தோடு வாழும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் காணாக்கடியும் உண்டு. இதயத்துக்கு ஒரு நாள் ஓர் ஊர், தோலுக்கு வேறு நாள் வேறு ஊர் என்று அலைகிறோம். சிதம்பரத்தில் 1985இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தபின், இரு துறை மருத்துவர்களும் ஒரே வளாகத்தில் கிடைப்பது இப்பகுதிக்குப் பெரும்பேறு. இன்று அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. ஆனால் வளாகம் ஒன்றாயினும் சீட்டு இரண்டு. ஒரு சீட்டைக் கண்ட கண் மற்றதைக் காண்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு அரிப்பு தாங்காமல் தெருமுனைக் கடைக்கு ஓடும்போது எந்தச் சீட்டும் கையில் இருப்பதில்லை.

இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜி என்னும் அட்டவணை உண்டு. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் அதில் அடங்கும். மருத்துவ மேற்பார்வையின்றி இதை உட்கொள்வது ஆபத்தானது என்ற எச்சரிக்கையை அவற்றின் உறையில் அச்சிட்டாக வேண்டும். அச்சிடத்தான் செய்கிறார்கள், எறும்பெழுத்தில், ஆங்கிலத்தில். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நமக்கு வேண்டிய இரண்டைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார். பெயர் பாதி, காலாவதி நாள் பாதி, எச்சரிக்கை மொத்தமும் மற்ற எட்டோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன.

ஆகவே இப்போதெல்லாம் நாம் முழு அட்டையாகவே வாங்குகிறோம். முதியவரின் இரு சீட்டுகளையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் தமிழில் பெயர்த்தெழுதி, சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். சென்ற மாதம் தோல் மருத்துவர் அத்தாளை வாங்கிப் படித்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த ஒரு வரியை அடித்து வேறொன்று எழுதினார். ஏன் என்று கேட்டோம். ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வாருங்கள், சொல்கிறேன் என்றார்.