மீன் எப்போது வடக்கே திரும்பியது? மச்ச யந்திரமும் காந்தத்தின் இரு குணங்களும்

காந்தம் இரும்பை ஈர்க்கும்; தடையின்றித் தொங்கவிட்டால் வடக்கு தெற்காக நிற்கும்; ஒத்த துருவங்கள் விலக்கும், எதிர்த் துருவங்கள் ஈர்க்கும். பள்ளி அறிவியல் நூல்கள் இவற்றை அடுத்தடுத்த வரிகளில் தருகின்றன. வரலாற்றில் இவை அப்படி அடுத்தடுத்து வரவில்லை. முதல் குணத்தை அறிந்த மக்கள் பல நூற்றாண்டுகள் இரண்டாவதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் இருந்திருக்கிறார்கள். இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாததே இந்தியத் திசைகாட்டி பற்றிய பேச்சில் நெடுங்காலமாக நீடிக்கும் குழப்பத்துக்குக் காரணம்.

அந்தக் குழப்பத்துக்கு வலிமையான வடிவம் தந்தவர் ராதாகுமுத் முகர்ஜி. 1912இல் வெளிவந்த 'இந்தியக் கப்பல் போக்குவரத்து' என்ற ஆங்கில நூலில், பண்டை இந்துக்களிடம் திசைகாட்டி இருந்தது என்பதற்கு ஜே. எல். ரீடு என்ற கப்பல் கட்டுமானத் துறையினரின் குறிப்பைச் சான்றாகத் தருகிறார். குறிப்பின் சாரம் இது: கட்டடத்துக்குக் கால்கோள் இடும்போது திசை அறியச் சோதிடர்கள் காந்தத்தைப் பயன்படுத்தினர், எண்ணெய்ப் பாத்திரத்தில் மிதக்கும் இரும்பு மீன் வடக்கு நோக்கி நின்றது, மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதி 'மச்ச யந்திரம்' என்பதற்குக் கப்பல் திசைகாட்டி எனப் பொருள் தருவதால் இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஐயத்துக்கு நிறையவே இடமிருக்கிறது. மோல்ஸ்வொர்த்தின் அகராதி முதலில் வெளிவந்தது 1831இல். திருத்திய பதிப்பு 1857இல். ஐரோப்பியக் கப்பல்கள் கொங்கணக் கரைக்கு வந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு தொகுக்கப்பட்ட நூல் அது. ஒரு கருவிக்கு அன்று அப்படி ஒரு பெயர் வழங்கியது என்பதற்கு அது நல்ல சான்று. அந்தப் பெயரின் வயதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கால்கோள் செய்தியும் நிற்கவில்லை. மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் திசை காணும் முறையை விரிவாகவே சொல்கின்றன. சமன்செய்த தரையில் வட்டம் வரைந்து, நடுவில் சங்கு எனும் முளையை நட வேண்டும். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் தொடும் புள்ளியையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். காத்தியாயனர் சுல்ப சூத்திரத்திலேயே உள்ள முறை இது. முளையின் மரம், நீளம் வரை விதிக்கும் நூல்கள், காந்தம் கையில் இருந்திருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருக்குமா? மௌனத்தை வைத்து வாதிடுவது பொதுவாகப் பலவீனமானது. ஆனால் பேச வேண்டிய இடத்தில் நிலவும் மௌனத்துக்கு எடை உண்டு.

ஈர்ப்புக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. உடலில் தைத்த இரும்பு முனையைக் காந்தத்தால் எடுக்கச் சொல்கிறது சுசுருத சங்கிதை. ஊசி காந்தத்தை நோக்கி நகர்வதற்குக் கண்ணுக்குப் புலப்படாத காரணம் உண்டு என்கிறது வைசேடிக சூத்திரம். தமிழில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தின் முன் இரும்பு உவமையாக வருகிறது. மூன்றிலும் இருப்பது ஈர்ப்பு மட்டுமே. காந்தத்தை அறிந்திருந்தனர் என்பதிலிருந்து திசைகாட்டியை அறிந்திருந்தனர் என்று தாவியதே முகர்ஜியின் பிழை.

எனினும் அந்த மீனைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. 1044இல் தொகுக்கப்பட்ட 'ஊஜிங் சோங்யாவ்' என்ற சீனப் போர்க்கலை நூல் அதன் செய்முறையையே தருகிறது. மெல்லிய இரும்புத் தகட்டை மீன் வடிவில் வெட்டி, செந்தணலாகக் காய்ச்சி, வால் வடக்கை நோக்க நீரில் தோய்க்க வேண்டும். இதில் காந்தக்கல் எங்கும் தேய்க்கப்படவில்லை. இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்கு மேல் காந்தத்தன்மையை இழக்கும். வடக்கு நோக்கியபடி குளிரும்போது புவியின் காந்தப்புலமே அதில் பதிந்துவிடும். இப்படிக் கிடைக்கும் காந்தம் வலுக்குறைந்தது. 1088 வாக்கில் ஷென் குவோ எழுதிய குறிப்பிலோ ஊசி காந்தக்கல்லில் தேய்க்கப்படுகிறது. அது சரியாகத் தெற்கே நிற்காமல் சற்றுக் கிழக்கே சாய்கிறது என்பதையும் அவர் கவனித்திருக்கிறார்.

அந்த மீன் மேற்கே நீந்தி வந்த தடம் இரண்டு நூல்களில் தெரிகிறது. குஜராத்தின் கம்பாத்துத் துறைமுகத்தில் காஜியாக இருந்த முகம்மது அவ்ஃபி, இல்துத்மிஷ் காலத்து டெல்லியில் 1232 வாக்கில் முடித்த பாரசீகக் கதைத் தொகுப்பில், கப்பலில் நீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்ட மீன் வடிவ இரும்பைப் பற்றிச் சொல்கிறார். அது காந்தத்தில் தேய்க்கப்பட்டது. அதாவது மீன் 1044இன் மீன். முறை ஷென் குவோவின் முறை. அடுத்தவர் பைலக் அல் கிப்ஜாக்கி. 1242இல் அன்றைய சிரியாவின் திரிபோலியிலிருந்து அலெக்சாந்திரியா செல்லும் வழியில் ஊசியைப் பயன்படுத்தக் கண்டவர். இந்தியக் கடலில் செல்லும் மாலுமிகள் ஊசிக்குப் பதிலாக உள்ளீடற்ற இரும்பு மீனை நீரில் விடுவார்கள் என்று தாம் கேள்விப்பட்டதாக 1282இல் எழுதுகிறார். இந்தியக் கடலின் மாலுமி இந்தியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரபியர், பாரசீகர், குஜராத்தியர், சீனர் எவரும் ஆகலாம்.

ரீடின் குறிப்பில் ஒரு சொல் மட்டும் இவற்றோடு ஒட்டவில்லை: எண்ணெய். மேற்கண்ட பழைய சான்றுகளில் மீன் மிதக்கும் பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர்தான். இது கைப்பிழையாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேய்த்த ஊசியைத் தண்ணீர்ப் பரப்பில் மெதுவாக வைத்தால், நீரின் பரப்பு இழுவிசை அதைத் தாங்கும். இதை வகுப்பறையில் எந்த மாணவரும் செய்து பார்க்கலாம். எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரினதில் பாதி அளவே; அடர்த்தியும் குறைவு. ஆகவே எண்ணெயில் மிதக்க வேண்டுமானால் மீன் குழிவாகவோ உள்ளீடற்றதாகவோ இருந்தாக வேண்டும். மறுபக்கம், எண்ணெயில் இரும்பு துருப்பிடிக்காது; கப்பல் ஆடினாலும் மீன் விரைவில் நிலைகொள்ளும். நூலிலிருந்து பார்த்து எழுதுபவருக்கு எண்ணெய் தோன்றியிருக்காது. யாரோ புழங்கிய கருவியைப் பற்றிய நேரடிச் செய்தியே ரீடுக்கு எட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அந்தப் புழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு எண்ணெய் விடை தராது.

காலவரிசையிலும் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தியக் கடலில் பயணம் செய்த வெனிசியர் நிக்கோலோ தே கோந்தி, இங்குள்ள மாலுமிகள் திசைகாட்டியின்றி விண்மீன்களைக் கொண்டே செல்கிறார்கள் என்கிறார். 1498இல் வாஸ்கோ ட காமாவின் பயணக் குறிப்போ மொசாம்பிக்கில் கண்ட மூர்களின் கப்பல்களில் ஜெனோவா ஊசிகள் இருந்ததாகச் சொல்கிறது. பைலக் கேட்டது சில கப்பல்களின் வழக்கமாக இருந்திருக்கலாம். தெளிந்த வானமுள்ள பருவக்காற்றுக் காலத்தில் விண்மீனே போதுமென்று மீன் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கவும் கூடும். இரண்டில் எதையும் நான் உறுதியாகச் சொல்லவில்லை.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். காந்தத்தின் ஈர்ப்பை இந்தியர் பழங்காலத்திலேயே அறிந்து மருத்துவத்துக்கும் பயன்படுத்தினர் என்று தாராளமாக எழுதுங்கள். மச்ச யந்திரத்தை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். கடலோர வீடுகளில் பழைய மாலுமி ஏடுகள் வைத்திருப்போர் அவற்றில் இரும்பு மீன் வருகிறதா என்று பாருங்கள். 1232க்கு முந்தையது என உறுதிப்படும் ஒரு வரி கிடைத்தால், முகர்ஜி சொன்னது சரி, இக்கட்டுரை தவறு.