சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம்

சப்பாத்திக்கள்ளி (நாகதாளி) தமிழகத்தின் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மெக்சிகோவின் வறண்ட நிலங்களில் அதன் இனங்கள் பல உண்டு. அங்கு இக்கள்ளிகளின் மேல் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தனர். 18ஆம் நூற்றாண்டில் அந்த வணிகம் ஸ்பெயின் வசம் இருந்தது.

அதற்குப் போட்டியாகச் சென்னையிலேயே சாயம் எடுக்க முனைந்தவர் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1789இல் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் உருவானது. செடி வந்துவிட்டது, பூச்சி வரவில்லை! 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி சென்னைக்கும் அனுப்பப்பட்டது. அது சாயம் குறைவாகத் தரும் காட்டு வகை. ஆகவே தொழில் நிலைக்கவில்லை.

கள்ளியோ நிலைத்தது. ஒடித்துப் போட்ட தண்டும் வேர்விடும் என்பதால் மக்கள் அதை வேலியாக நட்டனர், பழத்தைத் தின்றனர், பஞ்ச காலத்தில் முள்ளைத் தீய்த்து மாடுகளுக்குப் போட்டனர். ஆனால் தாயகத்தில் அதைத் தின்று கட்டுப்படுத்திய பூச்சிகள் இங்கு இல்லாததால் வயலோரங்களும் மேய்ச்சல் நிலங்களும் முட்புதராயின.

சாயத்துக்கு உதவாத அதே பூச்சி இதற்கு உதவியது. 1836-38 காலத்தில் தென்னிந்தியாவில் விடப்பட்ட அது, ஒரு வகைக் கள்ளியைப் பெருமளவு அழித்தது. பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த உலகின் முதல் முயற்சிகளுள் இது ஒன்று. மற்றொரு வகைக் கள்ளியை அப்பூச்சி தொடவில்லை. அதற்கான வேறு பூச்சியினம் 1926இல் இலங்கையிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் அந்தப் புதர்களும் பட்டுப்போயின.