சிதைந்த எழுத்து, நிலைத்த வெள்ளி: பார்த்தியத் திராக்மா குறித்து ஒரு மறுவாசிப்பு

பண்டைய ஈரானை ஆண்ட பார்த்தியரின் வெள்ளி நாணயமான திராக்மாவின் பிற்கால வெளியீடுகளில், பின்புறத்தில் வில்லாளன் அமர்ந்திருக்கிறான். அவனைச் சதுரமாகச் சூழ்ந்து நிற்கும் கிரேக்க எழுத்துகளோ வெறுங்கோடுகளாகிவிட்டன. இதைப் பேரரசின் தளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவது பழகிப்போன வழக்கம். எழுத்தைப் பார்த்த அளவுக்கு உலோகத்தைப் பார்க்காததால் பிறந்த முடிவு அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் செலூக்கியப் பேரரசின் வடகிழக்கு விளிம்பில் ஆட்சியைக் கைப்பற்றிப் பார்த்திய அரச மரபைத் தொடங்கிய முதலாம் அர்சாகஸ், கிரேக்கரின் அத்திக் எடைமுறையிலேயே ஏறத்தாழ 4 கிராம் திராக்மாவை வெளியிட்டார். செலூக்கிய நாணயங்களில் புனிதக் கல்லின்மேல் ஆடையின்றி அமர்ந்திருந்தவன் அப்பொல்லோ. அர்சாகஸின் நாணயத்தில் அந்த இடம், காற்சட்டையும் மேலங்கியும் காது மூடும் மென்குல்லாயும் அணிந்த வில்லாளனுக்குப் போனது. எடையும் எழுத்தும் கிரேக்கருடையவை. உருவம் புல்வெளிக் குதிரை வீரருடையது. அடுத்த நாலரை நூற்றாண்டுகளுக்கு மன்னர்கள் மாறினாலும் திராக்மாவில் அந்த வில்லாளன் நிலைத்திருந்தான்.

கி.மு. 141இல் பார்த்திய மன்னர் முதலாம் மித்ரதாதஸ் டைகிரிஸ் கரையிலிருந்த செலூசியாவைக் கைப்பற்றியதும் நாணய முறை இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கிரேக்க நகரத்துக்கென அங்கேயே நான்கு திராக்மா மதிப்புள்ள பெருநாணயம் அச்சாயிற்று. அதன் முகப்பில் பட்டம் கட்டிய தாடி வேந்தர், பின்புறத்தில் ஹெராக்ளிஸ், ‘கிரேக்கர் நேயர்’ என்ற விருதுப் பெயர். எக்பத்தானா உள்ளிட்ட ஈரானிய அக்கசாலைகள் திராக்மாவை வெளியிட்டன. பொன் நாணயம் அடிக்கும் வழக்கம் பார்த்தியரிடம் இல்லாததால், பேரரசின் பெருஞ்செலவுகளை வெள்ளியே தாங்கியது.

இவ்விரு நாணயங்களிலும் எழுத்துக்கு வாய்த்த பணி வேறு. செலூசியாவின் பெருநாணயத்தில் செலூக்கிய ஆண்டும், பல வேளைகளில் மாதமும் பொறிக்கப்பட்டன. பிற்காலத்தில் மன்னரின் இயற்பெயரும் அதில் இடம்பெற்றது. திராக்மாவிலோ ஏறக்குறைய எல்லா மன்னரும் ‘அர்சாகஸ்’ என்ற மரபுப் பெயரையே தாங்கினர். ‘அரசர்க்கரசர், கொடையாளர், நீதிமான்’ என நீளும் விருதுகளும் கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரே வாய்பாடாக உறைந்துவிட்டன. எந்த மன்னர் வெளியிட்டது என்பதைக் கூறாத வாசகம் அது. டேவிட் செல்வுட் போன்ற அறிஞர்கள் முகச்சாயல், தாடி, தலையணி ஆகியவற்றைக் கொண்டு திராக்மாக்களை வகைப்படுத்த வேண்டியிருந்ததற்கும் காரணம் இதுவே. கிரேக்கம் அறியாத அச்சுச் செதுக்குநர் முந்தைய நாணயத்தைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தபோது எழுத்து கோடாயிற்று. புழக்கத்துக்கு அதனால் இழப்பில்லை.

உலோகம் சொல்லும் கதை இதற்கு நேரெதிர். ஆண்டும் பெயரும் தாங்கிய செலூசியப் பெருநாணயம் தொடக்கத்தில் 16 கிராமுக்கு அருகில் நல்ல வெள்ளியாக இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டு முதல் அதன் மாற்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசிக் காலத்தில் பெரும்பாலும் செம்பாகிவிட்டது. படிக்க முடியாத திராக்மாவின் எடை சற்றே குறைந்து 3.7 கிராம் அளவுக்கு வந்தது. ஆனால் பெருநாணயத்தின் சரிவு அதற்கு நேரவில்லை. எழுத்துச் சிதைவு அரசின் சிதைவுக்கு அளவுகோல் என்றால், மாற்று முதலில் குலைந்திருக்க வேண்டியது திராக்மாவில்தான்.

கிரேக்க எழுத்து தேய்ந்த அதே நாணயத்தில் வேறோர் எழுத்து முளைத்ததையும் கவனிக்க வேண்டும். முதலாம் வோலொகேசஸ் (கி.பி. 51–78) காலத்தில் மன்னரின் தலைக்குப் பின்னால் அவர் பெயரின் சுருக்கமாக அரமேயிக் வழிவந்த பார்த்திய எழுத்துகள் தோன்றின. 2ஆம் நூற்றாண்டில் நான்காம் மித்ரதாதஸின் திராக்மாவில் ‘மித்ரதாதஸ் அரசர்’ என்று பார்த்திய மொழியிலேயே ஒரு வரி காணப்படுகிறது. எழுதும் திறன் மங்கிய அரசின் செயலாக இதைக் கொள்ள இயலாது. ஈரானிய மேட்டுநிலத்து மக்களிடம் தன் மொழியிலேயே பேசத் துணிந்த அரசின் செயல் இது.

கி.பி. 224இல் அர்சாக மரபை வீழ்த்திய சாசானிய மன்னர் அர்தஷீர், வில்லாளனை விலக்கித் தீப்பீடத்தைப் பொறித்தார். ஆனால் சாசானியரின் முதன்மை நாணயமாக ஏறத்தாழ 4 கிராம் வெள்ளித் திராக்மாவையே வைத்துக்கொண்டார். பகைவரும் கைவிட மனமில்லாத நாணயத்தை வீழ்ச்சியின் சின்னம் என்று சொல்வது பொருந்தாது. பார்த்தியரின் ஆட்சித் திறனை எடைபோட வருபவர், கிரேக்க இலக்கணத்தை விட்டுவிட்டு வெள்ளியின் மாற்றையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டும்.