குருதி சொல்லும் வரலாறும் என்பு கேட்கும் நீதியும் : வன்னியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

வரலாற்றை எழுதுவதற்குச் சான்றுகள் வேண்டும். கல்வெட்டு, நாணயம், ஏடு, மட்பாண்டம், பிறநாட்டார் குறிப்பு என்பவற்றையே வரலாற்றாசிரியர் நீண்ட காலமாகச் சான்றுகளாகக் கொண்டனர். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இவற்றோடு மனித உடலும் சேர்ந்துகொண்டது. மண்டையோட்டின் அளவு, குருதியின் வகை, கலங்களிலுள்ள பரம்பரையலகுகளின் அமைப்பு என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரலாற்றுச் சான்றுகள் என்னும் தகுதியைப் பெற்றன. ஆயின் ஏனைய சான்றுகளுக்கும் உடலுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. கல்வெட்டைப் படிப்பதற்குக் கல்லின் சம்மதம் வேண்டியதில்லை. உடலோ ஒருவருக்கு உரியது. அவர் இறந்த பின்னர் அவருடைய உறவினருக்கு உரியது.

மனித உடலை ஆராய்ந்த அறிவியல் இத்தீவின் மக்களிடம் இரு வினாக்களைக் கேட்டுள்ளது. முதலாவது, ‘நீ எந்த இனத்தவன்?’ என்பது. இரண்டாவது, ‘நீ யாருடைய பிள்ளை?’ என்பது. முதல் வினா அரண்மனைகளிலும் நூதனசாலைகளிலும் பிறந்தது. இரண்டாவது வினா பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரிடமிருந்து பிறந்தது. இவ்விரண்டும் ஒரே அறிவியலையே கருவியாகக் கொண்டிருப்பினும், அவற்றின் அறம் வேறு என்பதையும், வன்னிப் பெருநிலப்பரப்பில் இன்று இரண்டாம் வினாவே விடையை வேண்டி நிற்கின்றது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்டையோடும் அளவுகோலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மானிடவியலாளரின் கவனத்தை ஈர்த்தவர்களுள் இலங்கை வேடர் முக்கியமானவர்கள். ஜேர்மனிய மருத்துவ அறிஞரான ருடொல்ப் வேர்ச்சோ 1881 இல் வேடரைப் பற்றித் தனிநூலொன்றை வெளியிட்டார். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் இருவர் 1880களில் இலங்கையில் தங்கி ஆய்வு நடத்தி, வேடரின் என்புக்கூடுகளையும் மண்டையோடுகளையும் திரட்டிச் சென்றனர். மனிதகுலத்தின் படிமுறை வளர்ச்சியில் வேடரை மிகத் தாழ்ந்த படியில் வைத்துக் காட்டுவதற்கு அவ்வளவைகள் பயன்பட்டன.

இவ்வாய்வுகளில் எவரும் வேடரின் சம்மதத்தைக் கேட்டதாகக் கொள்வதற்கில்லை. இறந்தோரின் எச்சங்கள் பொருள்களாயின. அவற்றை எடுத்துச் சென்றவர் அறிஞராயினர். 2019 நவம்பரில் எடின்பரோப் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை அச்சமூகத்தின் தலைவரிடம் ஒப்படைத்தது. எடுத்துச் சென்றவை திருப்பித் தரப்படவேண்டியவை என்னும் கொள்கை உலகப் பல்கலைக்கழகங்களில் வேரூன்ற ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

குருதியும் இனமும்

1900 இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் குருதி வகைகளைக் கண்டறிந்தார். முதலாம் உலகப் போரின்போது சலோனிக்காவில் பணியாற்றிய லுட்விக் ஹிர்ஸ்பெல்ட், ஹன்னா ஹிர்ஸ்பெல்ட் தம்பதியினர், அங்கு திரண்டிருந்த பல நாட்டுப் படைவீரரின் குருதியைச் சோதித்து, குருதி வகைகளின் விகிதம் மக்கட் கூட்டங்களிடையே வேறுபடுவதை 1919 இல் வெளியிட்டனர். இந்தியப் படைவீரரும் அச்சோதனைக்கு உட்பட்டோரில் அடங்குவர். அதுவரை மண்டையோட்டிடம் கேட்கப்பட்ட வினா அன்று தொட்டுக் குருதியிடம் கேட்கப்பட்டது.

இலங்கையில் அவ்வினா விசயன் கதையைச் சுற்றியே சுழன்றது. அவுஸ்திரேலிய அறிஞர் ஆர். எல். கேர்க் 1976 இல் வெளியிட்ட ஆய்வில், சிங்கள மக்கள் பஞ்சாப், குஜராத் மக்களைக் காட்டிலும் தமிழகம், கேரளம் ஆகியவற்றின் மக்களுக்கும் வங்கத்து உயர்சாதியினருக்கும் நெருக்கமானோர் என முடிவு கூறினார். 1995 இல் க்ஷத்ரியா வெளியிட்ட கணிப்பின்படி, சிங்கள மக்களின் மரபில் ஏறத்தாழ 70 வீதம் தென்னிந்தியத் தமிழரிடமிருந்தும் 25 வீதம் வங்காளியரிடமிருந்தும் வந்ததாகும். அதே கணிப்பு, இலங்கைத் தமிழரின் மரபில் ஏறத்தாழ 55 வீதம் சிங்கள மக்களிடமிருந்து வந்தது என்றும் கூறிற்று. ஆயின் இவ்விரண்டாம் எண் ஒன்பது வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடும் என்பதையும் ஆய்வாளரே குறித்துள்ளார்.

இவ்வெண்கள் நம் மேடைகளில் அவரவர்க்கு ஏற்றவாறு எடுத்தாளப்படுகின்றன. தமக்கு உவப்பான எண்ணை ஒருவர் எடுத்துக்கொள்ள, உவப்பற்றதை மற்றவர் மறைத்துவிடுகின்றார். இவற்றின் அடிப்படையிலுள்ள குறையை எவரும் கேட்பதில்லை. ஆய்வாளர் குருதி எடுப்பதற்கு முன்னரே மக்களைச் சில கூட்டங்களாகப் பகுத்துவிடுகின்றார். அப்பகுப்பு இயற்கை தந்ததன்று. குடிசன மதிப்பீடு தந்தது. ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்னும் இரு நிரல்கள் 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே தனித்தனியே தோன்றின.

வன்னியை எடுத்துக்கொள்வோம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பழைய பற்றுக்களின் குடிகள் இங்கு உளர். குடியேற்றத் திட்டங்களின் வழி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தோர் உளர். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறியோர் உளர். 1990 இல் வெளியேற்றப்பட்டு, பின்னர் மீண்டு வந்த முஸ்லிம் மக்கள் உளர். வவுனியாவின் தெற்கில் சிங்களக் கிராமங்களும் உள. மலையகத் தாய்க்கும் முள்ளியவளைத் தந்தைக்கும் கிளிநொச்சியில் பிறந்த பிள்ளையை எந்த நிரலில் எழுதுவது? பிள்ளையின் குருதி இவ்வினாவுக்கு விடை தராது. நிரலை வகுத்தவரே விடை தரவேண்டும்.

மொழி குருதி வழி வருவதன்று. அது தாயின் மடியிலும் ஊரின் தெருவிலும் கற்கப்படுவது. நிலத்தின் மீதான உரிமையும் பரம்பரையலகின் பழைமையால் அளக்கப்படுவதன்று. அது உழுதோராலும் வாழ்ந்தோராலும் பெறப்படுவது. நாளை ஓர் ஆய்வு, வன்னி மக்களின் முன்னோர் நேற்று வந்தவர் என்று கூறினால், அம்மக்கள் தம் வயல்களை விட்டு நீங்க வேண்டுமா? வேண்டியதில்லை எனின், இன்று நமக்குச் சார்பாகத் தோன்றும் ஆய்வுகளையும் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டுதல் தகாது. வரலாறு பயிலும் மாணவராகிய நாம் இவ்விடயத்தில் எதிர்த்தரப்பிடம் மட்டுமன்றி நம்மிடமும் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

பாட்டிமார் கேட்ட வினா

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்தீனாவில் இராணுவ ஆட்சி நிலவிற்று. காணாமல் ஆக்கப்பட்டோருள் கருவுற்ற பெண்களும் இருந்தனர். சிறைகளிற் பிறந்த அவர்களது குழந்தைகள் வேறு குடும்பங்களுக்கு, பெரும்பாலும் ஆட்சியாளருக்கு நெருக்கமானோருக்கு, வழங்கப்பட்டனர். அக்குழந்தைகளைத் தேடி 1977 இல் ‘மே சதுக்கத்துப் பாட்டிமார்’ என்னும் அமைப்புத் தோன்றியது. பெற்றோர் இறந்திருக்கையில், பாட்டியின் குருதியைக் கொண்டு பேரப்பிள்ளையை இனங்காண இயலுமா என்பதே அவர்கள் அறிவியலாளரிடம் கேட்ட வினா. அமெரிக்க அறிஞர் மேரி கிளயர் கிங் உள்ளிட்டோர் 1984 இல் அதற்கான கணிப்பு முறையை வகுத்தளித்தனர். அதே ஆண்டில் பிரித்தானியாவில் அலெக் ஜெப்ரிஸ் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டறிந்தார். 1987 இல் ஆர்ஜென்தீனா சட்டத்தின் மூலம் தேசியப் பிறப்புரிமைத் தரவு வங்கியொன்றை நிறுவியது. இன்றுவரை 130க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் இனங்காணப்பட்டுள்ளனர்.

பொஸ்னியாவில், 1995 யூலையில் சிறெபிரெனிக்காவில் ஏறத்தாழ எண்ணாயிரம் ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். குற்றத்தை மறைப்பதற்காக உடல்கள் இயந்திரங்களால் தோண்டப்பட்டு வேறு குழிகளில் இடப்பட்டமையால், ஒருவரின் என்புகள் பல குழிகளிற் சிதறின. உறவினரின் குருதி மாதிரிகளைத் திரட்டி, என்புகளோடு ஒப்பிட்டு, கொல்லப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் இனங்காணப்பட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் அறிவியலின் திசை மாறியதை நாம் காணலாம். முன்னர் ஆய்வாளர் மக்களைத் தேடிச் சென்று எடுத்தார். இங்கோ மக்கள் ஆய்வாளரைத் தேடிச் சென்று தாமே கொடுத்தனர்.

கொக்குத்தொடுவாயின் மண்

2023 யூன் 29 அன்று, முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக மண் தோண்டப்பட்டபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு கட்டங்கட்டமாக நடைபெற்று 2024 யூலையில் நிறைவெய்தியது. 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவ்வெச்சங்கள் 1994 முதல் 1996 வரையான காலத்துக்குரியவை என அகழ்வில் ஈடுபட்ட பேராசிரியர் ராஜ் சோமதேவ தமது இடைக்கால அறிக்கையிற் குறிப்பிட்டார். தொல்லியல் காலத்தைக் கூறக்கூடும். பெயரைக் கூறுவதற்குப் பிறப்புரிமையியல் வேண்டும்.

பெயரைக் கேட்டுக் காத்திருப்போரும் வன்னியிலேயே உளர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியிலும், அதே மாதம் 24 அன்று வவுனியாவிலும், மார்ச் 8 அன்று முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டங்களைத் தொடங்கினர். 2009 மே மாதத்தில் தம் கண்முன்னே படையினரிடம் சரணடைந்தோர் எங்கே என்பதே அவர்களுட் பலரின் வினா. போராடிய பெற்றோர் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர்.

பிறப்புரிமையியல் நோக்கில் இவ்விறப்புக்களுக்கு வேறொரு பொருளும் உண்டு. கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. பெற்றோர் இருவரிடமிருந்தும் பாதிப்பாதியாக வருவது. ஆதலின் தாயும் தந்தையும் தரும் மாதிரியே மிகத் தெளிவான விடையைத் தரும். இழைமணியிலுள்ள டி.என்.ஏ. தாய்வழியாக மட்டும் வருவது. தாய் இல்லாதவிடத்துப் பெரியதாய், சிறியதாய், தாய்மாமன், உடன்பிறந்தோர் ஆகியோரின் மாதிரி உதவும். ஆயின் அதே தாய்வழியைச் சேர்ந்த பலருக்கும் அது பொதுவாதலின் அதனால் மட்டும் ஒருவரை உறுதிப்படுத்த இயலாது. மச்சான், மச்சாள் முறையில் மணவுறவு கொள்ளும் நம் சமூகத்தில், குடும்பங்களுக்கிடையே பொதுவான கூறுகள் மிகுதியாயிருக்கக் கூடும். ஆகவே கணிப்பு நம்பத்தக்கதாய் அமைவதற்கு இப்பிரதேச மக்களிடையே அக்கூறுகள் எவ்வளவு பரவியுள்ளன என்னும் அடிப்படைத் தரவும் தேவை. மக்கட் கூட்டங்களைப் பற்றிய ஆய்வு முழுவதையும் தள்ளிவிட முடியாது என்பதை இது உணர்த்துகின்றது. தள்ளவேண்டியது அவ்வாய்வினை இனவுரிமைக்குச் சான்றாக்கும் நோக்கத்தையே.

கொடுப்பவரின் உரிமை

ஒரு தாய் தன் குருதியைக் கொடுக்கும்போது எழும் அறவியல் வினாக்கள் பல. அவற்றுள் நான்கினை மட்டும் இங்கு நோக்குவோம்.

முதலாவது, மாதிரி யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதாகும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. ஆயின் தாம் குற்றஞ்சாட்டும் அரசிடமே தம் குருதியைக் கொடுப்பதா என்று வன்னித் தாய்மார் தயங்கினால், அத்தயக்கத்தை அறியாமை என ஒதுக்குதல் ஆகாது. அயலிலுள்ள மன்னார் நகரில் 2018 இல் தொடங்கிய அகழ்வில் 300க்கு மேற்பட்ட என்புக்கூடுகள் மீட்கப்பட்டன. சில மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டு, அவை 15 ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்டவை என 2019 இல் முடிவு வந்தது. உறவினர் பலர் அதனை ஏற்கவில்லை. நம்பிக்கையை ஆய்வுகூடத்தில் உற்பத்தி செய்ய முடியாது. அது மாதிரி எடுக்கப்படும் நாளிலேயே தொடங்கவேண்டியது.

இரண்டாவது, ஒரு நோக்கத்துக்குக் கொடுத்தது வேறு நோக்கத்துக்குப் பயன்படலாமா என்பதாகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினர், தம்மிடையே மிகுந்திருந்த நீரிழிவு நோயை ஆராய்வதற்கென 1990 முதல் குருதி வழங்கினர். அக்குருதி, அவர்களின் முன்னோர் எங்கிருந்து புலம்பெயர்ந்தனர் என்பதை ஆராயவும் பயன்பட்டதை அவர்கள் பின்னர் அறிந்தனர். வழக்குத் தொடரப்பட்டு, 2010 இல் இணக்கம் ஏற்பட்டு, எஞ்சிய மாதிரிகள் அவர்களிடம் மீளளிக்கப்பட்டன. நோய்க்கென வாங்கிய குருதியிடம் இனத்தைப் பற்றிய வினா கேட்கப்பட்டமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்றாவது, தேடாத உண்மை வெளிப்படுதலாகும். போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளை உறவினரும் அயலவரும் தம் பிள்ளைகளாகவே வளர்த்த வீடுகள் வன்னியில் உண்டு. காணாமற்போனவரைத் தேடும் சோதனை, உயிரோடிருப்பவரின் பிறப்பைப் பற்றிய செய்தியையும் வெளிப்படுத்திவிடலாம். ஆர்ஜென்தீனாவில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுட் சிலர் குருதி கொடுக்க மறுத்தனர். 2009 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, நீதிமன்றக் கட்டளையுடன் அவர்களது உடைமைகளிலிருந்தும் மாதிரி பெறுவதற்கு வழிசெய்தது. அறியும் உரிமைக்கும் அறியாதிருக்கும் உரிமைக்கும் இடையிலான முரண்பாடு இது. எளிதில் தீர்வது அன்று.

நான்காவது, நம்பிக்கை பற்றியது. என் பிள்ளை உயிரோடு இருக்கின்றான் என்று கூறும் தாயிடம் என்புகளோடு ஒப்பிடுவதற்குக் குருதி கேட்பது, அவள் வாயால் மரணத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதாகவே அவளுக்குத் தோன்றும். இழப்பீடும் மரணச் சான்றிதழும் வேண்டாம், உண்மையே வேண்டும் என்று கூறுவோரின் நிலைப்பாடு இதனாலேயே விளங்கும். மாதிரி கொடாமையும் அவளது உரிமையே. கொடாதவளின் வழக்குக் கைவிடப்படலாகாது.

நிறைவாக

அறிவியலின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். டி.என்.ஏ. ஓர் என்புக்குப் பெயரைக் கொடுக்கும். யார் கொன்றார், யார் கட்டளையிட்டார், ஏன் என்பவற்றை அது கூறாது. அவற்றைக் கூறவேண்டியவை சாட்சியமும் ஆவணமும் நீதிமன்றமுமேயாம். பெயர் கிடைத்தவுடன் நீதியும் கிடைத்துவிட்டது எனக் கருதுவது, அறிவியலின் பெயரால் வழக்கை மூடுவதாக முடியும்.

ஆகவே வன்னியில் குருதி மாதிரி திரட்டப்படுமாயின், சில விதிகள் முதலிலேயே எழுதப்பட வேண்டும். இனங்காணல் தவிர்ந்த வேறெதற்கும் மாதிரி பயன்படுத்தப்படலாகாது. அதன் பாதுகாப்பில் உறவினரின் பிரதிநிதிகளுக்குப் பங்கு இருத்தல் வேண்டும். சம்மதம் தமிழிலே, விளங்கும்படி, அவசரமின்றிப் பெறப்பட வேண்டும். முடிவு பத்திரிகைக்குச் செல்லுமுன் வீட்டுக்குச் செல்ல வேண்டும். வேலை முடிந்தபின் மாதிரியை அழிப்பதா திருப்பித் தருவதா என்பதைக் கொடுத்தவரே தீர்மானிக்க வேண்டும்.

இவை மருத்துவபீடத்துக்கோ சட்டபீடத்துக்கோ மட்டும் உரிய விடயங்கள் அல்ல. முன்னோரின் இனத்தைக் குருதியிலே தேடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் காலம் செலவழிக்கப்பட்டது. அத்தேடல் காத்திருக்கலாம். தம் பிள்ளைகளின் பெயரைக் கேட்கும் பெற்றோரோ முதுமையடைந்து வருகின்றனர். அவர்களுக்குக் காத்திருக்கக் காலமில்லை.