காலனி என்றால் எந்தக் காலனி?

சென்னையில் ஒருவர் "ரிசர்வ் பேங்க் காலனியில் இருக்கிறேன்" என்று சொன்னால் கேட்பவருக்கு ஒரு மரியாதை வருகிறது. திருப்பத்தூர் பக்கம் மினி பஸ்ஸில் ஒருவர் "காலனி ஸ்டாப் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால், கண்டக்டருக்கும் பக்கத்து சீட்காரருக்கும் அவருடைய சாதி தெரிந்துவிடுகிறது. சொல் ஒன்றுதான். முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். எல்.ஐ.சி., ரயில்வே, டீச்சர்ஸ் என்று எது ஒட்டியிருந்தாலும் அது வேலையைச் சொல்கிறது. ஒன்றும் ஒட்டாமல் வெறும் காலனி என்றால் அது நாம்தான். சில இடங்களில் கொஞ்சம் நாகரிகமாக "ஏ.டி. காலனி" என்பார்கள். ஆதிதிராவிடர் என்று முழுசாகச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அது தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அக்டோபரில் சாதிப் பெயர் தாங்கிய ஊர், தெருப் பெயர்களை மாற்றுவதற்கான வழிமுறைகளோடு அரசாணையும் வந்தது. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் இந்தச் சொல் நம்மிடம் வந்தபோது வெறும் கையோடு வரவில்லை. மனைப்பட்டாவோடு வந்தது. அதைப் பேசாமல் பெயரை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

முதலில் சொல்லின் கதை. லத்தீனில் "கொலோனுஸ்" என்றால் உழவன். அவன் குடியேறிய இடம் "கொலோனியா". ரோமாபுரி தான் ஜெயித்த நாட்டில் பிடுங்கிய நிலத்தைத் தன் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குக் கொடுத்துக் குடியேற்றியது. அப்படி ஆன ஊர்களில் ஒன்று ஜெர்மனியின் கொலோன். காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவோமே யூடிகொலோன், அந்த பாட்டிலின் மேல் இருப்பதும் இந்தக் காலனிதான். பிறகு ஐரோப்பாக்காரர்கள் கடல் கடந்து பிடித்த நாடெல்லாம் காலனி ஆனது. 1788இல் இங்கிலாந்து தன் குற்றவாளிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஆஸ்திரேலியா தண்டனைக் காலனி. தொழுநோயாளர்களை ஒதுக்கி வைத்த இடமும் ஆங்கிலத்தில் காலனிதான். தேனீக் கூட்டமும் காலனி, பாக்டீரியாக் கூட்டமும் காலனி. உழுகிறவன் குடியிருக்கும் இடம் என்று தொடங்கிய சொல், ஒதுக்கப்பட்டவர்கள் சேர்ந்து கிடக்கும் இடம் என்கிற பொருளையும் வழியில் சேர்த்துக்கொண்டது. இரண்டு பொருளும் நமக்குப் பொருந்தித் தொலைக்கிறது. உழுகிறவர்களும் நாம்தான், ஒதுக்கப்பட்டவர்களும் நாம்தான்.

எங்கள் திருப்பத்தூரில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நினைவு மண்டபத்தில் மாலை போட அமைச்சர்கள் வருவார்கள். காலனி ஆட்சியை எதிர்த்த மாவீரர்கள் என்று மைக்கில் பேசுவார்கள். அதே நாளில், அதே ஊரின் சாலைகளில், "காலனிக்குப் போற ரோடு எது" என்று யாராவது கேட்டால் வேறொரு திசையைக் காட்டுவார்கள். எம்.ஏ. வகுப்பில் பின்காலனியம் என்று ஒரு தாள் இருந்தது. காலனிக்குப் பின்னால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கண்மாய்க்கரையும் சுடுகாடும்தான் இருக்கும் என்று அப்போது சக மாணவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளும் காலனிதான்.

காலனிக்கு முன்னால் நமக்கு இருந்த சொல் சேரி. அதுவும் கெட்ட சொல்லாகப் பிறக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் என்பதுதான் அதன் பொருள். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர்களின் ஊரில் தேர்தல் நடத்துவதற்குப் பன்னிரண்டு சேரி என்று கணக்குச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி ராஜராஜன் குடியமர்த்திய 400 பெண்களின் தெரு தளிச்சேரி. ஆனால் அதே ராஜராஜனின் கல்வெட்டில் பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்பு எல்லோருக்கும் சேரி இருந்தது, ஒருசிலருக்கு மட்டும் முன்னால் அடைமொழி ஒட்டியிருந்தது. காலப்போக்கில் மற்றவர்கள் சேரியை விட்டுவிட்டுத் தெரு, அக்கிரகாரம், ஊர் என்று போய்விட்டார்கள். அடைமொழி தேவையில்லாமல் சேரி என்றாலே நாம் என்று ஆனது. காலனிக்கு நடந்ததும் இதேதான், அது ஆயிரம் வருஷம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத் தவிர.

சேரியில் பெயரைவிடப் பெரிய பிரச்சினை காலுக்குக் கீழே இருந்தது. குடிசை நம்முடையது, குடிசை நின்ற மண் பண்ணையாருடையது. கூலி கூடக் கேட்டால், வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், பிள்ளையை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், "என் இடத்தைக் காலி பண்ணு" என்ற ஒரு வார்த்தை போதும். அடிக்கக்கூட வேண்டாம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கை இந்தக் குடிமனைச் சிக்கலையும் பேசியது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையைப் பஞ்சமி நிலத்தின் பிறப்புச் சான்றிதழாக நாம் எல்லோரும் அறிவோம். அந்த அறிக்கையில் நிலத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு மனையைப் பற்றி நம் மேடைகளில் பேசுவதில்லை. வயல் இல்லாதவன் கூலிக்குப் போய்ப் பிழைக்கலாம். படுக்க இடம் இல்லாதவன் எதிர்த்துப் பேச முடியாது.

1920இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்று ஒரு பதவி வந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவர் துறை செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, வீட்டுமனைக்கு இடம் பிடித்துக் கொடுப்பது. அது எவ்வளவு அவசரமான வேலை என்பதற்கு வெளியூர் உதாரணம் தேடவேண்டியதில்லை. அன்று நாம் இருந்தது ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் இங்கே ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பானை தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. எட்டாவது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருஷம் பட்டியல் பதினொன்றாக நீண்டது. சொந்த நிலம் வைத்திருந்தால் மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும், பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கூடாது என்பது வரை போனது.

இந்த இடத்தில் ஒரு எழுத்து விளையாட்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. பல ஊர்ப் பலகைகளில் காலனிக்கு மூன்று சுழி போட்டுக் "காலணி" என்று எழுதியிருப்பார்கள். காலணி என்றால் செருப்பு. செருப்புப் போடக்கூடாது என்று அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கும் தெருவுக்குச் செருப்பு என்று பலகை! எழுதியவருக்கு இலக்கணம் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் பேங்க் காலனிப் பலகையில் இந்தப் பிழையைக் கண்டால் மறுநாளே திருத்தச் சொல்லி மனுப் போயிருக்கும்.

தனியாக ஓர் இடம் வேண்டும் என்று கேட்டதில் நம் பக்கத்து நியாயமும் இருந்தது. 1942 ஜூலையில் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் பங்கேற்க நடந்த அகில இந்திய மாநாடு, பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" என்ற ஆவணத்தில் அதையே குடியமர்வு ஆணையம் என்று விரித்து எழுதினார். ஆனால் அவர் கேட்டது நிலத்தோடு கூடிய கிராமம். உழுது பிழைக்க வயலும், யாரையும் அண்டாமல் வாழத் தனி ஊரும். லத்தீன்காரனின் கொலோனியாவுக்கு அதுதான் பக்கத்தில் வருகிறது. நமக்குக் கிடைத்தது வயல் இல்லாத மனை. தனி ஊர் அல்ல, அதே ஊரின் ஒதுக்குப்புறம். காலையில் எழுந்தால் வேலைக்கு அதே பண்ணைக்குத்தான் போகவேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இடம் வாங்கிக் கொடுத்து வரிசை வரிசையாக எழுந்த வீடுகளுக்கு ஹரிஜனக் காலனி என்று பெயர் நிலைத்தது. 1974இல் தொடங்கிய தாட்கோவின் முதல் வேலையே தீப்பிடிக்காத வீடு கட்டிக் கொடுப்பதுதான். 1968இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்த மாநிலம் இது. கான்கிரீட் கூரை என்பது நமக்கு அந்தஸ்து அல்ல, உயிர். 1978இல் ஹரிஜன நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்கள், சட்டம் நின்றது. அதனால்தான் எங்கள் பாட்டிமார் "நாங்க காலனிக்கு வந்துட்டோம்" என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். அவர்களுக்குச் சேரி என்றால் ஒழுகும் கூரை, பண்ணையார் மண். காலனி என்றால் ஓட்டு வீடு அல்லது ஒட்டு வீடு, பெண் பேரில் பட்டா. பேத்திக்கு அதே சொல் கல்லூரி விடுதியில் தலைகுனிய வைக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை.

தீப்பிடிக்காத வீடும் எரியும் என்று 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் பார்த்தோம். நத்தம் காலனியும் பக்கத்து இரண்டு குடியிருப்புகளும். 250க்கும் மேற்பட்ட வீடுகள். கூரை எரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் பீரோவை, சான்றிதழை, வண்டியைக் கொளுத்தலாம் என்று வந்தவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். வழி கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. எல்லா வீடும் ஒரே இடத்தில், பெயர்ப் பலகையோடு இருந்தது.

காலனி என்ற எல்லா இடமும் இப்படி ஆகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருச்சி பொன்மலையின் ரயில்வே காலனியில் கலாசியும் குடியிருந்தார், ஃபோர்மேனும் குடியிருந்தார், வீட்டின் அளவு மட்டும் வேறு. காரைக்குடியில் பர்மா காலனி இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்ல யாரும் கூசுவதில்லை. காலனி நாடான பர்மாவில் செட்டிநாட்டின் பணம் வேலை செய்தது, தேக்கு இங்கே வந்து தூணாக நின்றது. 1960களில் அங்கிருந்து மக்கள் திரும்பி வந்தபோது பெயரும் கூடவே வந்தது. ஆக ஆங்கிலச் சொல்லில் விஷம் இல்லை.

அதனால்தான் பெயர் மாற்றத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இது முதல் முறை இல்லையே. 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பஞ்சமர், பறையர் என்பதற்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற பெயரை வாங்கித் தந்தார். அது நாமே தேர்ந்தெடுத்த, மண்ணின் மூத்தகுடி என்று உரிமை பேசிய பெயர். இன்று அது "ஏ.டி." ஆகிவிட்டது. காந்தி ஹரிஜன் என்றார். 1938இல் அந்தப் பெயரைச் சட்டத்தில் எழுதியதை எதிர்த்து அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார். இப்போது காலனி போய் "நகர்" வரும். கொஞ்ச வருஷத்தில் அம்பேத்கர் நகர் என்றாலே மினி பஸ்ஸில் அதே பார்வை திரும்பும். பல இடங்களில் இப்போதே திரும்பிவிட்டது.

நாம் கேட்கவேண்டிய சொல் வேறு என்று நினைக்கிறேன். "ஊர்க்காரங்க வந்திருக்காங்க, காலனிக்காரங்களும் வந்திருக்காங்க" என்று எங்கள் பக்கம் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் இழிவு காலனியில் மட்டுமா இருக்கிறது? "ஊர்" என்பதில் நாம் இல்லை என்பதில்தான் இருக்கிறது. ஒரே வருவாய்க் கிராமம், ஒரே ஊராட்சி, ஆனால் ஊர் அவர்களுக்கு மட்டும். அதனால் புதுப்பெயர் எதுவும் வேண்டாம், எங்கள் தெருவையும் ஊரின் பெயரிலேயே எழுதுங்கள் என்று கேட்டுப் பார்ப்போம். வடக்குத் தெரு, கிழக்குத் தெரு என்று ஊருக்குள் வரிசை போகிறதல்லவா, அந்த வரிசையில் அடுத்த தெரு நாங்கள். தலைவர் பெயர் வேண்டுமென்றால் மந்தையில், பஸ் நிலையத்தில், எல்லோரும் நடக்கிற மெயின் ரோட்டில் வைக்கட்டும். 1998 முதல் கட்டிய சமத்துவபுரங்களில் 100 வீட்டுக்கு 40 தலித் வீடு என்று கலந்து வைத்ததன் நோக்கமும் இதுதான். ஆனால் அது ஊருக்கு வெளியே ஒரு புது இடமாகவே நின்றுவிட்டது, பழைய ஊர் பழையபடியே இருக்கிறது.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். பெயர் மாற்றத் தீர்மானம் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நம் பட்டாக்களில் பாதி, பழைய காலனிப் பெயரில் கையால் எழுதிக் கொடுத்த தாள்கள். பலவற்றுக்குக் கணினியில் பதிவே இல்லை. சில இடங்களில் பட்டா நம் பெட்டியில், மனை இன்னொருவர் வேலிக்குள். பழைய பெயர், புதிய பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் நான்கையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள். பட்டாவைக் காட்ட வெட்கப்பட்டுக் கிழித்துப் போட்ட பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் அம்மா அதை ஒட்டி லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.